மல்லிக் பஜாரில் மங்கிய வெள்ளி

பழைய காரை ஓட வைப்பதைவிட அதற்குப் பழைய நிறத்தைத் திருப்பிக் கொடுப்பது கடினம். அதற்கான சாட்சியங்கள் கொல்கத்தாவின் உதிரி பாகச் சந்தையில் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் கிடக்கின்றன.

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் வெட்டிக்கொள்ளும் முனையில் இரண்டு கல்லறைத் தோட்டங்கள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஒன்று மனிதர்களுக்கானது. 1873-ல் இறந்த வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். மற்றொன்று கார்களுக்கானது. அதன் பெயர் மல்லிக் பஜார்.

இரண்டாவதில் அமைதி கிடையாது. கதவுகள், பம்பர்கள், கியர் பெட்டிகள், கண்ணிழந்த முகப்பு விளக்குகள் எல்லாம் வாசல்வரை குவிந்து கிடக்கின்றன. சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவே பேரம் நடக்கிறது. டாக்சி ஓட்டிய ஆள் தன் வண்டிக்கு ஒரு சைலன்சர் தேடுவார். அவருக்கு அது பொருந்தினால் போதும், விலை குறைந்தால் இன்னும் நல்லது. ஆனால் சட்டைப்பையில் ஒரே ஒரு போல்ட்டைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் வாடிக்கையாளர் வேறு ரகம். போல்ட் பொருந்துமா என்பதல்ல அவர் கவலை. அது என்ன நிறத்தில் இருந்தது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களின் உலகத்தில் இது சின்ன விஷயமல்ல. எஞ்சினை யாராவது ஒரு நல்ல மெக்கானிக் ஓட வைத்துவிடுவார். தகரத்தைத் தட்டி நிமிர்த்த ஆள் இருக்கிறது. இருக்கையைத் தைக்க ஆள் இருக்கிறது. ஆனால் அந்த கார் தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்த நாளில் அதன் ஒவ்வொரு பாகமும் எப்படித் தெரிந்தது? எது மின்னியது, எது மங்கலாக இருந்தது, எது கறுப்பு, எதற்குப் பூச்சே கிடையாது? இந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லிவிட்டால் லட்சக்கணக்கில் செலவழித்த காரும் கல்யாண ஊர்வலத்துக்கு அலங்கரித்த வண்டியைப்போல நிற்கும்.

இப்படிப்பட்ட கேள்வி எழுவதற்கு கொல்கத்தா பொருத்தமான ஊர். பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக இருந்த காலத்திலேயே இங்கே கார்கள் வந்துவிட்டன. 1910-ல் ராபர்ட் மேத்யூசன் என்ற என்ஜினியர் அன்னப் பறவை வடிவில் ஒரு காரை இங்கிலாந்தில் செய்வித்து இந்த ஊர்த் தெருக்களில் ஓட்டினார். அது அலகிலிருந்து வெந்நீரைப் பீய்ச்சும். பறவையின் எச்சம்போலத் தோன்றப் பின்புறத்தில் சுண்ணாம்புக் கரைசலைக் கொட்டும். கூட்டம் கலவரப்பட்டு, கடைசியில் போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. அந்த கார் இப்போது நெதர்லாந்தின் லோமன் மியூசியத்தில் இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பிறகு, ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை வந்தது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964-ல் தில்லியில் தொடங்கிய பழைய கார் பேரணி பிறகு கொல்கத்தாவுக்கும் வந்து, குளிர்காலத் திருவிழாக்களில் ஒன்றாகிவிட்டது.

திருவிழா என்றால் அலங்காரம் உண்டு. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காரை வெளியே எடுக்கும் உரிமையாளருக்கு எல்லாம் மின்ன வேண்டும். கதவுக் கைப்பிடி மின்னும்போது அதைப் பிடித்திருக்கும் திருகாணி மட்டும் ஏன் மங்கலாக இருக்க வேண்டும்? பானட்டைத் திறந்தால் எஞ்சினும் கண்ணைப் பறிக்கட்டுமே? இப்படி யோசிப்பவர் பாகங்களை எல்லாம் ஒரு சாக்கில் கட்டி பிளேட்டிங் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறார். திரும்பி வரும்போது எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். அந்த கார் பிறந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

முதல் குழப்பம் நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் இடையே. வெகுகாலம் காரின் மினுக்கு என்றால் பித்தளை. பிறகு நிக்கல் முலாம் வந்தது. கார்களில் குரோமிய முலாம் பரவலானது 1920களின் கடைசியில்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் உண்டு. அதன் ஒளி இதமானது. குரோமியத்தில் நீலம் கலந்த குளிர்ச்சி இருக்கும். ஆகவே 1924-ஆம் வருட காரின் முகப்பு விளக்கு நீலமாக மின்னினால், விஷயம் தெரிந்தவர் பத்தடி தூரத்திலேயே உதட்டைப் பிதுக்கிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குரோமிய முலாம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி குரோமியமே அல்ல. முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில்தான் குரோமியம். அந்தக் கடைசிப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானைத் தாண்டாது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உண்மையான பளபளப்பு அடியில் இருக்கும் நிக்கலுடையது. குரோமியம் அது மங்காமல் காக்கும் மூடி. எனவே பழைய காருக்குச் சரியான தோற்றம் வேண்டுமென்றால் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டாம், ஒரு தொட்டி முன்னதாகவே நிறுத்திக்கொண்டால் போதும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்றைய நிக்கல் தொட்டிகளில் பளபளப்பு ஏற்றும் ரசாயனங்கள் கலக்கப்படுகின்றன. அந்தக் காலத்து நிக்கல் தொட்டியிலிருந்து மங்கலாகத்தான் வெளியே வந்தது; பஃபிங் சக்கரத்தில் கையால் தேய்த்துத்தான் அதற்கு ஒளி ஏற்றினார்கள். அந்த மங்கல் நிக்கலைக் கேட்டு வாங்கித் தேய்த்தால்தான் 1924 திரும்பும். அதன் பிறகு வாரந்தோறும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீடுகளுக்கு இது புரியும்.

ஒரே கம்பெனியின் காரிலும் வருடம் மாறினால் உலோகம் மாறும். ஃபோர்டு மாடல் டி காரின் ரேடியேட்டர் 1916 வரை பித்தளையில் ஜொலித்தது, அடுத்த வருடம் கறுப்புக்கு மாறியது. பின்னால் வந்த மாடல் ஏ காரின் ரேடியேட்டர் கூடு 1928, 1929-ல் நிக்கல் முலாம். 1930 முதல் துருப்பிடிக்காத எஃகு. மகாராஜாக்களின் பிரியத்துக்குரிய ரோல்ஸ் ராய்ஸின் ரேடியேட்டர் கூடு 1920களின் இறுதிவரை 'ஜெர்மன் சில்வர்' எனப்படும் கலப்பு உலோகத்தில் செய்யப்பட்டது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். அதற்கு முலாமே தேவையில்லை, தேய்த்தால் போதும். தேய்க்கச் சோம்பல்பட்டு அதன்மேல் குரோமியம் ஏற்றியவர்கள் உண்டு. அரண்மனை வெள்ளிப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிய கதைதான்.

கண்ணில் படுகிற பாகங்களுக்காவது படம் பார்த்துப் பதில் தேடலாம். போல்ட்டு, நட்டு, வாஷர், ஸ்பிரிங், கிளிப் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும் சில்லறைச் சாமான்கள்தான் உண்மையான சோதனை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவற்றில் பலவற்றுக்குக் காட்மியம் முலாம் பூசினார்கள். அது மென்மையான, சாம்பல் கலந்த வெள்ளி நிறம். இன்று அதன் இடத்தில் துத்தநாக முலாம் வந்துவிட்டது. துத்தநாகம் கூடுதலாக மின்னும், நீலம் தட்டும். அதன் மேல் குரோமேட் கரைசலில் முக்கினால் வானவில் ஓடும் மஞ்சள் நிறம் கிடைக்கும். அந்த மஞ்சள் எழுபதுகளின் கார்கள் பலவற்றுக்குச் சரி, நாற்பதுகளின் காருக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அப்படியானால் காட்மியத்தையே பூசிவிடலாமே? இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆற்றைக் கடந்து ஹவுரா போக வேண்டும்.

1943-ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்தைத் தாண்டிப் போனால் பெலிலியஸ் ரோடு வட்டாரம். கிழக்கின் ஷெஃபீல்டு என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஊர் இது. லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் முலாம் பூசும் சிறு பட்டறைகளும் சந்துக்குள் சந்தாக நெருங்கிக் கிடக்கின்றன. பிளேட்டிங் பட்டறை என்பது பெரும்பாலும் ஓர் இருட்டறை. வரிசையாகத் தொட்டிகள், மேலே செம்புக் கம்பிகள், அவற்றில் தோரணம்போலத் தொங்கும் பாகங்கள். அமில நெடி தொண்டையைக் கமறும்.

காட்மியம் உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தையும் எலும்பையும் தாக்கும். ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் நீரிலும் நெல்லிலும் கலந்து மக்களை முடக்கியதை 1968-ல் அந்த நாட்டு அரசே ஒப்புக்கொண்டது. காட்மியம் தொட்டியில் வழக்கமாக இருப்பது சயனைடு கரைசல். குரோமியம் தொட்டியும் சாது அல்ல. பழைய முறையில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. அதன் ஆவியைப் பல வருடம் சுவாசித்த தொழிலாளிகளுக்கு மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவது மருத்துவ நூல்களில் பதிவான விஷயம். அசல் நிறம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கார் பிரியர், அந்த நிறத்துக்கு யாருடைய மூக்கு விலை என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

நல்லவேளையாக, கண்ணுக்கு அசலாகத் தெரிய காட்மியமே வேண்டியதில்லை. துத்தநாகத் தொட்டியில் பளபளப்பு ரசாயனத்தைக் குறைத்து, மேலே மஞ்சள் ஏற்றாமல் நிறமற்ற பூச்சோடு நிறுத்தினால் ஏறக்குறைய அதே சாம்பல் வெள்ளி வந்துவிடும். முலாம் பூசுவதற்கு முன் போல்ட்டை நுண்ணிய கண்ணாடி மணிகளால் லேசாகத் தாக்கி மங்கலாக்கிக்கொள்வது இன்னொரு வழி. பக்கத்தில் உண்மையான காட்மிய போல்ட்டை வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பட்டறையில் தவறக் கூடாத வேறொரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. உயர்வலு போல்ட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் அமிலத்தில் கழுவி முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்துவிடும். பார்க்கப் புதிது போலிருக்கும். ஆனால் ஒருநாள் பாரம் தாங்காமல் படக்கென்று முறியும். இதைத் தடுக்க, முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் அவற்றைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் அடுப்பில் வைத்தெடுக்க வேண்டும். அடுப்பு இல்லாத பட்டறைக்கு ஸ்டியரிங் போல்ட்டையும் பிரேக் ஸ்பிரிங்கையும் கொடுக்கவே கூடாது. அழகுக்காக முலாம் பூசப்போய் வளைவில் சக்கரம் கழன்றால் அந்த அழகை யார் பார்ப்பது?

வெள்ளிக்கு அடுத்தது கறுப்பு. கறுப்பு ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் பழைய காரின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். காஸ்டிக் சோடா உப்புக் கரைசலில் சுமார் 140 டிகிரியில் வேகவைத்து எடுக்கும் கறுப்பு ஒன்று. நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு பிளாக்கோடைசிங் என்று பெயர். பாஸ்பேட் கரைசலில் முக்கி எண்ணெய் பூசிய கறுப்பு இன்னொன்று. சாம்பலுக்கும் கரிக்கும் நடுவே சொரசொரப்பாக இருக்கும், பானட் கொக்கிகளிலும் ஸ்பிரிங்குகளிலும் காணலாம். சேஸிஸ் சட்டத்தின் கறுப்பு வேறு. எனாமல் பூசிச் சூளையில் சுட்டது. பெயின்ட் தொட்டியில் முக்கியெடுத்த பாகத்தின் கீழ் விளிம்பில் வழிந்த துளி அப்படியே உறைந்திருக்கும். அந்தத் துளி அசலின் கையெழுத்து.

இவை எல்லாவற்றுக்கும் பதிலாக இன்று பவுடர் கோட்டிங் வந்துவிட்டது. சீக்கிரம் முடியும், நீடித்து உழைக்கும், இரும்பு ஜன்னல் கம்பிக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அதன் கனம் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான். கூர்மையான விளிம்புகளை அது மழுக்கிவிடும். வார்ப்பின் சொரசொரப்பு, அச்சிட்ட எண்கள், உலையில் அடித்த தழும்பு எல்லாம் பிளாஸ்டிக் போர்வைக்குள் மறைந்துவிடும். அந்த எண்களில்தான் காரின் ஜாதகம் இருக்கிறது.

அலுமினியத்தையும் வார்ப்பிரும்பையும் சும்மா விட்டுவிடுவதுதான் உத்தமம். கார்புரேட்டரின் உடல் வார்த்த அலுமினியத்தின் மங்கிய சாம்பலில் வந்தது. அதைக் கண்ணாடிபோலத் தேய்ப்பவர்கள் பிற்காலத்தில் வந்தவர்கள். புகை வெளியேறும் மேனிஃபோல்டு பல கார்களில் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. முதல் வாரத்திலேயே அது துருவின் பழுப்பைப் பெற்றுவிடும். அதில் வெள்ளி பெயின்ட் அடித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. பழுப்பு பிடிக்காதவர்கள், வெப்பம் தாங்கும் வார்ப்பிரும்புச் சாம்பல் நிறத்தைப் பூசினால் பொய் கொஞ்சம் குறையும்.

காரின் உடம்புப் பெயின்ட்டிலும் இதே கதை. 1923-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 'டூகோ' என்ற நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட்டைக் கொண்டுவந்ததும், வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார்கள் மணிக்கணக்கில் காய்ந்தன. நம் நாட்டில் அந்தப் பெயர் ஒரு பொதுச்சொல்லாகி, இன்று கட்டில், பீரோவுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள்கூட 'டூகோ' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயின்ட்டின் ஒளி தோல் மட்டத்தில் நிற்பது. கையால் தேய்த்துத் தேய்த்து வரவழைத்தது. இன்றைய பாலியூரித்தேன் பெயின்ட்டோ எப்போதும் ஈரமாக இருப்பதுபோலத் தெரியும். மழைக்கும் வெயிலுக்கும் அது தேவலை. ஆனால் ஐம்பதுகளின் கார்மேல் அது நேற்று வாங்கிய பட்டுச்சட்டைபோல உட்கார்ந்திருக்கும்.

எது அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுவடிகளை ஒப்பிட்டு அசல் பாடத்தைத் தேடும் பதிப்பாசிரியர் செய்வதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். பின்னால் வந்தவர்களின் இடைச்செருகல்களை ஒதுக்கி, யார் கையும் படாத இடத்தைத் தேட வேண்டும். வாஷருக்கு அடியில், மரையின் இடுக்கில், கதவின் உட்பக்கத்தில், எண் பலகைக்குப் பின்னால், இரண்டு பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் முகத்தில் முதல் பூச்சு பதுங்கியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இங்கே எதிரி அல்ல. அரை நூற்றாண்டாக உலோகத்தைத் துருவிடமிருந்து காத்தது அதுதான். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கம்பி பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் கண்ணில் காட்டக் கூடாது. பாகத்தைக் கழற்றுமுன் ஒரு புகைப்படம், கழற்றியபின் ஒரு சீட்டு, பட்டறைக்கு அனுப்புமுன் ஓர் எண்ணிக்கை. ஒவ்வொரு ரகத்திலும் ஒரே ஒரு போல்ட்டையாவது எதுவும் செய்யாமல் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால், பின்னால் சந்தேகம் வரும்போது அதுவே சாட்சி சொல்லும்.

மல்லிக் பஜாரின் அருமை இங்கேதான் தெரிகிறது. தன் காரில் அழிந்துபோன சாட்சியம் இன்னொரு காரின் பிணத்தில் மிஞ்சியிருக்கலாம். யாரும் பிரிக்காத பழைய கியர் பெட்டி ஒன்று, அதன் மூடியைப் பிடித்திருக்கும் எட்டு போல்ட்டுகளோடு அங்கே கிடக்கலாம். ஆனால் பாகத்தைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்தால்தான் விற்கும் என்பது எந்த உதிரி பாகச் சந்தைக்கும் பொதுவான வியாபாரப் பாடம். டாக்சிக்காரருக்கு அது நல்ல சரக்கு. போல்ட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தவருக்கு ஒரு பக்கம் கிழிக்கப்பட்ட புத்தகம்.

வெளிநாட்டு கார் வைத்திருப்பவர் இதனால் அதிகம் நஷ்டப்படுவதில்லை. ஃபோர்டு மாடல் ஏ காருக்கு அமெரிக்காவின் இரண்டு சங்கங்கள் சேர்ந்து எந்த நட்டுக்கு எந்தப் பூச்சு என்பதுவரை விதிக்கும் கையேடு வைத்திருக்கின்றன. உண்மையில் அநாதை, நம் அம்பாசடர்தான்.

ஹவுராவில் உள்ளூர் ரயில் ஏறினால் உத்தரபாராவுக்கு அடுத்த நிலையத்தின் பெயரே ஹிந்த் மோட்டார். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழித்தோன்றலான அம்பாசடர் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம்வரை அங்கே தயாரானது. 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு ஃபிரான்சின் பெஷோ குழுமம் வாங்கிக்கொண்டது. மந்திரி முதல் டாக்சிக்காரர் வரை ஏறிய கார் என்பதால் யாரும் அதை அரும்பொருளாக நினைக்கவில்லை. பழுதானால் கிடைத்த பாகத்தைப் போட்டார்கள், கிடைத்த பெயின்ட்டை அடித்தார்கள். பற்றாக்குறைக் காலத்தில் தொழிற்சாலைக்கே பாகங்கள் பல இடங்களிலிருந்து வந்தன. எல்லாம் ஒரே பூச்சில் இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே ஓர் ஆரம்பகால அம்பாசடரின் எஞ்சின் அறை எப்படி இருந்தது என்பதற்கு, தப்பிப் பிழைத்த கார்களும் மல்லிக் பஜாரின் குவியல்களும்தான் ஆவணம்.

அம்பாசடருக்கு இப்போது சட்டமும் முதுமைப் பட்டம் தருகிறது. 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த கார் 20,000 ரூபாய் கட்டணத்தில் 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு பெறலாம். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை அசல் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போல்ட்டின் நிறத்தைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படுவது பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு. 2013-ல் உறுதிசெய்யப்பட்ட அதன் டூரின் சாசனம், இருப்பதைக் காப்பாற்றுவதற்கு முதலிடம் தருகிறது. புதுப்பிப்பது அதற்குப் பிறகுதான். செய்த வேலையைப் பதிவுசெய்து வைக்கவும் சொல்கிறது. மினுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

பேரணி நாளில் கூட்டம் என்னவோ மினுக்கைத் தேடித்தான் போகிறது. கண்ணாடிபோன்ற மட்கார்டுக்கு முன்னால் குழந்தையை நிறுத்திப் படமெடுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசையின் ஓரத்தில், பெயின்ட் தேய்ந்து, நிக்கல் மஞ்சளித்து, பானட்டுக்குள் சாம்பல் நிற போல்ட்டுகளோடு நிற்கும் ஒரு காரைச் சுற்றிச் சிலர் குனிந்திருப்பார்கள். அவர்கள் காரைப் பார்ப்பதில்லை, படிக்கிறார்கள். குரோமியத்தை எந்த வருடமும் ஏற்றிக்கொள்ளலாம். முதல் பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டால் அதைத் திருப்பித் தர எந்தத் தொட்டியாலும் முடியாது. பட்டறைக்குச் சாக்கைக் கட்டுமுன் அதை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.